கடைசிப் பேச்சு நோட்டு

செம்பொழில் நாட்டில் காலை ஐந்தரைக்கு முரசு அடிக்கும். குடிமக்கள் வாசலுக்கு வந்து, தலைநகரம் இருக்கும் வடக்குத் திசையைப் பார்த்து நிற்பார்கள். அன்றைய சாதனையை ஒலிபெருக்கி வாசிக்கும். எல்லோரும் ஒருமுறை “நன்றி” சொல்ல வேண்டும். பிறகு பல் துலக்கலாம்.

நானும் நன்றி சொல்வேன். பல் துலக்குவேன். பாத்திரத்தை வாசலில் வைப்பேன். பால்காரர் அரை லிட்டர் ஊற்றுவார். எனக்குக் கால் லிட்டர் போதும். நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மீந்ததை உறை ஊற்றிவைப்பேன்.

ஆறு மணிக்கு நினைவு அலுவலர் பரிபூரணம் பதிவேட்டோடு வருவார்.

“தையல்நாயகி, வயது இருபத்தெட்டு. முரசுக்கு வந்தாரா?”

“இறந்துட்டா சார்.”

“கடைசிச் சொல் சான்று?”

“இல்ல.”

“சான்று இல்லாதவர் இறந்தவர் ஆகமாட்டார். ‘வரவில்லை’ என்று குறித்துக்கொள்கிறேன்.”

குறித்துக்கொண்டு போவார். ஒரு காலையில் அது எழுபத்து மூன்றாவது ‘வரவில்லை’. நூறு சேர்ந்தால் வீட்டைப் பூட்டிச் சாவியை அரசு எடுத்துக்கொள்ளும். சட்டம் அப்படி.

அந்தச் சட்டம் எங்கள் ஊரிலிருந்துதான் தலைநகருக்குப் போனது. அதனால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் நாணல்குடி. அறுநூறு பேர், ஒரு ஏரி, இரண்டு டீக்கடை. எந்த மன்னரும் இங்கே தங்கியதில்லை. ஒரு படை மட்டும் ஒருமுறை கடந்து போயிருக்கிறது. போகும்போது இரண்டு ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போனது. கல்வெட்டு கிடையாது. ஆனாலும் ஊருக்கு ஒரு வரலாற்றுக் குழு இருந்தது. சைக்கிள் கடை வைத்திருக்கும் காதர் மைதீன் அதற்குத் தலைவர். இட்லிக் கடை ரோசம்மா பொருளாளர். பொருள் எதுவும் இல்லாததால் அவர் பாயும் சட்டியும் கொண்டுவருவார். என் மனைவி தையல்நாயகி எழுத்தர். நான் நம்பி, மைக் கட்டுபவன்.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் களத்துமேட்டில் பாய் விரிப்போம். பழைய புகைப்படங்களைக் காட்டி, இது யார் வீட்டு மூக்கு என்று கேட்போம். எந்த வாய்க்காலை யார் வெட்டினார்கள், எந்த வீதி முன்பு குட்டையாக இருந்தது என்றெல்லாம் சொல்வோம். அதற்குப் பாதிப் பேர் வருவார்கள். கடைசியில் நோட்டை எடுக்கும்போது டீக்கடையில் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள்.

அது கடைசிப் பேச்சு நோட்டு. நாணல்குடியில் யார் இறந்தாலும், அவர் கடைசியாகச் சொன்னதைக் காதால் கேட்டவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். கேட்டது கேட்டபடி. வேறொருவர் அவருக்காகச் சொல்லக் கூடாது. யாராவது அழகுபடுத்திச் சொன்னால், மொத்தக் களமும் “கூட்டாதே!” என்று கத்தும். அவர் உட்கார்ந்து யோசித்து மறுபடி சொல்வார். சொல்ல மனம் வராதவரை யாரும் வற்புறுத்தமாட்டார்கள். அவருக்கு ஒரு வரி காலியாக விடப்படும். நூறு வருடமாக இதுதான் வழக்கம்.

ஏரி வெட்டிய பெரிய மனிதர் கடைசியாகச் சொன்னது, “முதுகு அரிக்குது.” படையை எதிர்த்து நின்று செத்தவர் சொன்னது, “அந்தச் செருப்பு என்னுது.” தலைமையாசிரியர் ஒருவர் சொன்னது, “அடுத்தது யாரு?” எண்பது வருடத்துக்கு முன்பு ஒரே வாரத்தில் ஒன்பது பேர் “வாய் கசக்குது” என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதையும் வரிசையாக வாசித்தபோதுதான் ஊருக்குப் புரிந்தது. மறுநாளே கீழத்தெருக் கிணற்றை மூடினார்கள். பத்தாவது ஆள் சாகவில்லை.

இந்த நோட்டுக்கு நூறு வயது ஆனபோது குழுவுக்கு ஒரு பெருமை வந்தது. தலைநகரிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று முடிவு செய்தோம். நாங்கள் செய்த தவறு அது ஒன்றுதான். அழைப்புக் கடிதத்தைத் தையல்தான் எழுதினாள். அவளுக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கும்.

நினைவுத் துறை அமைச்சர் நேரிலேயே வந்தார். பாயில் உட்காராமல் நின்றபடி முழுவதையும் கேட்டார். முதுகு அரிப்பதைக் கேட்டு முகம் சுளித்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“மகத்தான மரபு! மண்ணின் மாண்பு! இதை ஒரு சிற்றூரில் முடக்கிவைப்பது நாட்டுக்குச் செய்யும் அநீதி. மாமன்னரின் கருணையால் இது இனி எல்லோருக்கும் சொந்தம்.”

நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

முதல் ஆணை பதினைந்து நாளில் வந்தது. நாட்டில் இறக்கும் ஒவ்வொருவரின் கடைசிச் சொல்லும் அரசில் பதிய வேண்டும். அரசு செய்வதால் தனியார் நோட்டுகள் இனித் தேவையில்லை. பொது வாசிப்பும் கூடாது.

இரண்டாவது ஆணை, பதிவதற்கு ஊர்தோறும் ஒரு நினைவு அலுவலகம். புதிய கட்டடம் கட்ட நேரமில்லை. எல்லா ஊரிலும் ஏற்கெனவே ஒரு நல்ல கட்டடம் இருந்தது: மருந்தகம். நர்ஸை மாவட்டத் தலைநகருக்கு அனுப்பினார்கள். அது அறுபது கிலோமீட்டர். அதில் கல்லாற்றுப் பாலம்வரை ரோடு கிடையாது.

மருந்தகம் அலுவலகமானதும் பதிவுகள் அதிகமாயின. அலுவலகத்தின் தேவை இதனால் நிரூபணமானது என்று அமைச்சர் அறிக்கை விட்டார்.

மூன்றாவது ஆணை தரம் பற்றியது. குடிமக்கள் கடைசி நேரத்தில் ஆடு, செருப்பு, முதுகு முதலியவற்றைப் பற்றிப் பேசுவது நாட்டின் மதிப்புக்கு உகந்ததாக இல்லை. எனவே மூன்று சொற்றொடர்கள் அச்சிடப்பட்டன. ‘அ’: மாமன்னர் ஆட்சி மலர்க. ‘ஆ’: நிறைவோடு போகிறேன், நன்றி. ‘இ’: என் பிள்ளைகளும் இவருக்கே. குடும்பத்தார் ஒன்றில் டிக் போட வேண்டும்.

நான்காவதைச் சட்ட வல்லுநர்கள் கண்டுபிடித்தார்கள். செம்பொழிலில் மன்னரைத் தேர்தல்தான் முடிவு செய்யும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குடிமக்கள் சீட்டில் தங்களுக்கு வேண்டியவர் பெயரைக் கையால் எழுதிப் போடுவார்கள். ஒருவரின் கடைசிச் சொல் அவருடைய முதிர்ந்த கருத்து என்பதால் அதுவும் ஒரு வாக்குதான் என்றார்கள் வல்லுநர்கள். உயிரோடிருப்பவர்கள் மனம் மாறுவார்கள். இறந்தவர்கள் மாறமாட்டார்கள். அவர்களுடைய வாக்கே நிலையானது.

ஐந்தாவதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். டிக் போடாதவர் வீட்டில் யாரும் சாகவில்லை.

தையலுக்கு ஆஸ்துமா இருந்தது. மூச்சு இழுக்கும்போது மருந்தகத்துக்குப் போவோம். ஆவி பிடிக்கும் மிஷினைப் போடுவார்கள். கால் மணி நேரத்தில் திரும்பி நடந்தே வருவாள். அந்த முறை மருந்தகம் இல்லை. மிஷின் மட்டும் அலுவலகத்தில் இருந்தது. அதன் மேல் முத்திரைப் பட்டைகளை அடுக்கியிருந்தார்கள். இயக்கத் தெரிந்தவர் அறுபது கிலோமீட்டரில் இருந்தார். வேன் பிடித்தோம். போய்ச் சேரவில்லை.

மூன்றாம் நாள் பரிபூரணம் படிவத்தோடு வந்தார். மோசமான மனிதர் இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“அம்மையாருக்கு ‘ஆ’ போடலாமா? பெண்களுக்குப் பெரும்பாலும் ‘ஆ’தான் போடுகிறோம். கண்ணியமாக இருக்கும்.”

“அவ அப்படிச் சொல்லலியே சார்.”

“யாருமே சொல்வதில்லை. என்ன சொன்னார்கள்?”

நான் படிவத்தை அவர் பக்கமே நகர்த்தினேன். அவர் அதை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பதிவேட்டோடு வந்தார்.

ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். காதர் மைதீன் ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நம்பி, வீடு போயிடும்யா. ஒரு டிக்குதான. போட்டுரு. தையலு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா.”

“நெனச்சுக்குவா பாய்.”

“ஆமா, நெனச்சுக்குவா,” என்றார். “‘கூட்டாதே’ன்னு மொதல்ல கத்துறது அவதான்.”

தேர்தல் நெருங்கியது. ஊர்தோறும் மரபுப் பகிர்வு விழா நடத்தும்படி தலைநகரம் உத்தரவிட்டது. அந்த வருடம் இறந்தவர்களின் கடைசிச் சொற்களை அலுவலர் பொதுவில் வாசிக்க வேண்டும். கேட்கும் மக்கள் இறந்தோரைப் பின்பற்றி வாக்களிப்பார்கள் என்பது திட்டம். எங்கள் ஊரில் அது முதல் ஞாயிறு, மாலை நான்கு மணி. அந்த நேரத்துக்குத்தான் களத்துக்குக் கூட்டம் வரும் என்று பரிபூரணத்துக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எழுபத்தொன்பதாவது நாள். நான் மைக் கட்டினேன்.

ஒரு வருடமாக வாசிப்பு இல்லாததால் ஊரே வந்திருந்தது. அவரவர் வீட்டில் என்ன கேட்டார்கள் என்பது அவரவரோடு நின்றிருந்தது. அதைப் பொதுவில் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். தனியாக யாரிடமும் சொல்லத் தெரியாது.

பரிபூரணம் நாற்காலியில் ஏறி நின்று படித்தார். பத்தொன்பது பேர். “அந்தோணிமுத்து: மாமன்னர் ஆட்சி மலர்க. வீரம்மாள்: நிறைவோடு போகிறேன், நன்றி. மருதப்பன்: மாமன்னர் ஆட்சி மலர்க.”

மருதப்பனின் அக்கா செல்லக்கிளி எழுந்தாள்.

“ஐயா, என் தம்பிக்குப் பொறந்ததுலேர்ந்து பேச்சு வராதுங்களே.”

பரிபூரணம் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அம்மா, இறுதிக் கணத்தில் அரசின் சாதனைகள் அவரைப் பேச வைத்திருக்கின்றன.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“கூட்டாதே!”

யார் என்று தெரியவில்லை. அடுத்து முந்நூறு பேர் கத்தினார்கள். பரிபூரணம் நாற்காலியிலிருந்து இறங்கினார். உட்கார்ந்து யோசித்துவிட்டு மறுபடி சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்தார்.

ரோசம்மா எழுந்தார். அந்தோணிமுத்து அவர் கணவர்.

“எம்புருசன் ஆட்சியப் பத்தி நல்ல வார்த்தை ஒருநாளும் சொன்னதில்ல. குடிச்சா கெட்ட வார்த்த சொல்லுவாரு, அதுவேற,” என்றார். களம் சிரித்தது. “வண்டில மடியில படுத்துருந்தாரு. கேட்டது கேட்டபடி சொல்றேன். ‘ரோசி, இன்னும் எவ்ளோ தூரம்?’ அவ்ளோதான்.”

வீரம்மாளின் மருமகள் எழுந்தாள். “எங்க அத்தை சொன்னது, ‘வந்துட்டமா?’”

அடுத்தவர், “‘வந்துட்டமா?’ அதேதான்.”

“‘பாலம் வந்துச்சா?’”

“‘வந்துட்டமா?’”

காதர் மைதீன் பழைய நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஆறாவது ஆளிடம் பேனா நின்றது. பிறகும் எழுதினார். செல்லக்கிளி சொல்லும்போது பேச்சு எதுவும் இல்லை. தம்பி வண்டி ஜன்னலைத் தட்டித் தட்டி வெளியே பார்த்தான் என்றாள். அதையும் எழுதினார். மொத்தம் பதினான்கு பேர் தூரத்தைத்தான் கேட்டிருந்தார்கள்.

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். களத்துமேட்டிலிருந்து பார்த்தால் நினைவு அலுவலகம் தெரியும். சுவரில் மருந்தகத்தின் பச்சைச் சிலுவையை அழித்த இடம் இன்னும் வெளுத்திருந்தது.

காதர் மைதீன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவர் ஒரு வரியைக் காலியாக விட்டு நோட்டை மூடினார்.

மறுநாள் காலை அவர் கடையில் சைக்கிள் சக்கரத்துக்குப் போடும் பால்ரஸ் குண்டுகளை மடித்துக்கொடுக்கக் காகிதம் எடுத்தார். அது படிவம் ஒன்பது, பதிவுத் திருத்தத்துக்கானது. யாருமே கேட்டு வராததால் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பருக்குப் போட்டிருந்தார்கள். பாய் எதையும் படித்துவிட்டுத்தான் மடிப்பார். அடியில் சிறிய எழுத்தில் இருந்தது: ‘கேட்டவர் நேரில் வந்து கூறினால் அலுவலர் திருத்த மறுக்கலாகாது.’

பால்ரஸைக் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டு, காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார். பின்னால் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் போனார்கள்.

“இது நடைமுறையில் இல்லாத படிவம்,” என்றார் பரிபூரணம்.

“அச்சடிச்சது யாரு சார்?” என்றார் ரோசம்மா. “நாங்களா?”

பரிபூரணம் படிவத்தை இருமுறை வாசித்தார். திருத்தினார். அன்று மாலைவரை திருத்தினார். அவர் சட்டத்தை நம்பிய மனிதர்.

குழு பக்கத்து ஊர்களுக்குப் போனது. சைக்கிளில் பாய் போனார், இட்லிப் பானையோடு ரோசம்மா போனார், மைக்கோடு நான் போனேன். எங்கள் ஊர் வரலாற்றைச் சொல்வோம். ஆடு போனதைச் சொல்வோம். முதுகு அரித்ததைச் சொல்வோம், சிரிப்பார்கள். கீழத்தெருக் கிணற்றைச் சொல்வோம். பிறகு, “உங்க ஊர்ல கடைசியா யாரு என்ன சொன்னாங்க?” என்று கேட்போம். ஒவ்வோர் ஊரிலும் முதல் ஆள் எழுந்திருக்க நேரமாகும். இரண்டாவது ஆள் உடனே எழுந்துவிடுவார். எல்லா ஊரிலும் மருந்தகம் அலுவலகம் ஆகியிருந்தது. படிவம் ஒன்பதும் எல்லாக் கடையிலும் கிடைத்தது.

தொண்ணூற்றெட்டாவது நாள் தேர்தல்.

நூறாவது நாள் பரிபூரணம் பூட்டோடு வந்தார். நான் வாசலில் நின்றேன். சட்டைகளை மட்டும் ஒரு பையில் எடுத்து வைத்திருந்தேன்.

“நூறு,” என்றார். “எனக்கு வேறு வழி இல்லை.”

“சரி சார்.”

பதிவேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். அன்று காலை முரசடித்தபோது நாணல்குடியில் என்னைத் தவிர ஒருவரும் வாசலுக்கு வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எதிர்வீட்டிலிருந்து ரோசம்மா சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“இந்தாங்க சார். பூட்டுறதுன்னா ஊர் மொத்தமும் பூட்டுங்க. ஆனா பூட்டு நீங்கதான் வாங்கணும். எத்தன வீடு தெரியுமா? நூத்தி நாப்பத்தெட்டு.”

“அம்மா, ஒருநாள் வராததற்கு வீட்டைப் பூட்டச் சட்டத்தில் இடமில்லை.”

“நூறுநாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் நாங்க படுத்துத் தூங்குறோம்.”

என் வீட்டையும் பூட்டாமல், வழிகாட்டுதல் கேட்டு அவர் தலைநகருக்குத் தந்தி கொடுத்தார். பதில் வரவில்லை. தலைநகரம் எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டு முறை எண்ணியது. மூன்றாம் முறை எண்ணிவிட்டு முடிவை அறிவித்தது. இறந்தோர் வாக்கிலும் இருப்போர் வாக்கிலும் மாமன்னர் இரண்டாம் இடம். நாட்டு மக்கள் சீட்டில் கைப்பட எழுதிப் போட்டு, பெரும்பான்மையாகத் தேர்ந்தெடுத்திருந்தது ‘வந்துட்டமா?’ என்பதை.

ஒரு கேள்வி வென்றால் என்ன செய்வது என்று சட்டத்தில் இல்லை. வல்லுநர்கள் ஒன்பது நாள் கூடினார்கள். வென்றவர் கேட்பதை முப்பது நாளில் நிறைவேற்ற வேண்டும் என்ற பழைய விதி மட்டும் இருந்தது. கேள்வி தூரத்தைப் பற்றியது. எனவே மருந்தகங்களைத் திறந்தார்கள்.

அதே வாரம் நாடெங்கும் சுவரொட்டி ஒட்டப்பட்டது. மாமன்னர் கையசைத்துச் சிரித்தார். கீழே ‘வந்துவிட்டோம்!’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அடுத்த தேர்தலுக்கு அதுதான் அவர் முழக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் ஒட்டியதன் மேல் யாரோ கரியால் ‘கூட்டாதே’ என்று எழுதியிருந்தார்கள். பக்கத்து ஊரிலும் எழுதியிருந்ததாம்.

நர்ஸ் திரும்பி வந்தார். பரிபூரணம் மருந்தகத்தில் சீட்டு எழுதிக்கொடுக்கும் வேலைக்கு மாறினார். மிஷின் மேலிருந்த முத்திரைப் பட்டைகளை அவரே எடுத்துத் துடைத்தார். முதல் நாளே ஒரு பள்ளிக்கூடப் பெண் ஆவி பிடித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். நான் அதை டீக்கடையிலிருந்து பார்த்தேன்.

பரிபூரணம் தெருவைக் கடந்து என்னிடம் வந்தார்.

“அம்மையார் பெயரை ‘வரவில்லை’ பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வேறு எதுவும் எழுதவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சரிதானே?”

“சரி சார். டீ சாப்பிடுறீங்களா?”

சாப்பிட்டார்.

முதல் ஞாயிறு நான்கு மணிக்கு மைக் கட்டினேன். புகைப்படங்கள் முடிந்தன. வாய்க்கால் முடிந்தது. காதர் மைதீன் நோட்டைத் திறந்தார். அந்த மாதம் நாணல்குடியில் யாரும் சாகவில்லை. மூடப் போனார். நான் எழுந்தேன். மைக் என் கையிலேயே இருந்தது.

பாய் பக்கத்தைப் புரட்டிக் காலி வரியைக் கண்டுபிடித்தார். பேனா மூடியைத் திறந்தார்.

“இருங்க பாய்,” என்றேன். “கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.”

நானும் தையலும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அதனால் என்னை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் அம்மாவுக்கு அது பிடிக்காது. நான்கு வருடம் அவள்தான் அந்த நோட்டை எழுதினாள். கடைசிப் பேச்சுக்காக எப்படிக் குனிவார்கள், எப்படிக் காதைக் கொண்டுபோவார்கள் என்பது அவளுக்கு ஊரில் எவரையும்விட நன்றாகத் தெரியும். பாலத்துக்கு இந்தப் பக்கம் வேன் குலுங்கியது. உதடு அசைந்தது. நான் குனிந்து காதைக் கொண்டுபோனேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் காதைப் பிடித்து இழுத்தாள். இவ்வளவையும் களத்தில் சொன்னேன். யாரும் கத்தவில்லை. பிறகு கேட்டது கேட்டபடி சொன்னேன்.

“இது கடைசி இல்ல. எழுதிடாத.”